அந்த ஆளுடைய சாமான்கள்

அந்த முதியோர் காப்பகத்தில் ஒவ்வோர் அறையின் வாசலிலும், கதவை ஒட்டிய சுவரில், கண்ணாடி போட்ட சின்ன மரப்பெட்டி ஒன்று பதித்திருந்தார்கள். அங்கே இருந்த பெரியவர்களுக்கெல்லாம் ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. எண் போட்டால் எண் மறக்கும், பேர் எழுதினால் எழுத்தே மறக்கும், ஆனால் காலமெல்லாம் கையில் புழங்கிய சாமான் மறக்காது என்பது யாரோ ஒரு புண்ணியவானின் கண்டுபிடிப்பு. ஆகவே வீட்டுக்காரர்கள் அவரவர் பெரியவரின் பொருள்களில் நாலைந்தைக் கொண்டுவந்து பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து திரும்புகிறவர் அதைப் பார்த்ததும் 'அட, இது நம்ம இடம்' என்று உள்ளே போய்விடுவார்.

இதைக் கேட்டதும் மகளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அவள் தொழிலே இதுதான். பெரிய துணிக்கடையொன்றில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளுக்கு உடுத்திவிட்டு, விளக்கைத் திருப்பி, ஒரு நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, தன்பாட்டுக்குப் போகிறவனை நிற்கவைப்பது. அரக்கப்பரக்க பஸ்ஸுக்கு ஓடுகிறவனைக்கூட நிறுத்தியிருக்கிறாள். பெற்ற அப்பாவை நிறுத்துவதா பெரிய விஷயம்?

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது, எவன் தாமதம், என்ன சாக்கு சொல்கிறான் என்று பார்ப்பதே வேலை. டிரைவர்கள் அவருக்கு 'முள்ளு' என்று பேர் வைத்திருந்தார்கள். கடிகாரத்து முள்ளா, காலில் ஏறுகிற முள்ளா என்று கேட்டால், பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

மகள் பெட்டிக்குள் கருநீல வெல்வெட் விரித்தாள். நடுவில் கைக்கடிகாரம். பக்கத்தில் விசில், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில், மூக்குக் கண்ணாடிக் கூடு. பின்னால், காக்கிச் சட்டையில் விறைப்பாக நிற்கும் பழைய படம். எல்லாம் ஒன்றுக்கொன்று தள்ளி, கண் முதலில் கடிகாரத்தில் விழுகிற மாதிரி. வேலை முடிந்து எட்ட நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

"இவ்வளவு அழகா இங்க யாருமே வெச்சதில்ல மேடம்," என்றார் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர். "மத்தவங்கல்லாம் வீட்டைக் காலி பண்ற மாதிரி கொண்டுவந்து கொட்டிட்டுப் போவாங்க."

மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா வந்தார். பெட்டியைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை, அவள் இந்தப் பக்கம் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். பார்த்ததும் தோளைச் சுருக்கி, கட்டிப்போடாத நாயைக் கடப்பதுபோல் எதிர்ச் சுவரை ஒட்டி நடந்து, அடுத்த அறைக்குள் நுழைந்து கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

அடுத்த அறை சலூன்காரர் ஒருவருடையது. அவருடைய பெட்டி வீட்டைக் காலி பண்ணுகிற வகையைச் சேர்ந்தது. பல் போன சீப்பு, துருப்பிடித்த மவுத் ஆர்கன், நசுங்கிய தொப்பி, கழுத்திலும் தோளிலும் பேரப்பிள்ளைகள் தொங்க அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு படம், அதுவும் கோணலாக. மகளுக்கு அந்தப் பெட்டியைத் திறந்து ஒழுங்குபடுத்த வேண்டுமென்று கை பரபரத்தது. இந்தக் குப்பையில் என்னதான் கண்டார் அப்பா என்று எரிச்சலாகவும் இருந்தது.

எரிச்சல் மட்டுமென்றால் பரவாயில்லை, உள்ளூர பயமும் இருந்தது. அந்தக் காப்பகத்துக்கு மேல் மாடி ஒன்று உண்டு. தன் அறையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் அங்கே போக வேண்டும். படிக்கட்டில் பூட்டுப் போட்ட கம்பிக் கதவு. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொளதொளச் சட்டை. சொந்தப் பொருள் என்று ஒரு கைக்குட்டைகூடக் கூடாது. எதையாவது விழுங்கிவைக்கிறார்கள், உன்னுடையது என்னுடையது என்று அடித்துக்கொள்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். மேலே போனவர்கள் யாரும் கீழே திரும்பி வந்ததில்லை, அதுவும் உண்மைதான். அப்பாவை அங்கே அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். அவர் ஒருநாளும் சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருக்க வெளியே போகாதவர்.

கடல் தாண்டி இருந்த அண்ணன் போனில் யோசனை சொன்னான். யோசனை சொல்வதில் அவனுக்குக் குறையே கிடையாது.

"பாப்பா, கடிகாரத்தை ஓடவிட்டியா? நின்னுபோன கடிகாரத்தை அப்பாவுக்குப் பிடிக்காது."

"ஓடுதுண்ணா."

"அப்ப அம்மா போட்டோவ வை. பொண்டாட்டியப் பாத்தா நிக்காம போவாரா?"

"அம்மா உயிரோட இருந்தப்பவே நிக்காமதான் போவாரு."

அண்ணன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவருக்கும் வீட்டைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிறகு அவன் வழக்கம்போல, "நீ பாத்துக்குவ, உனக்குத் தெரியாததா," என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டான்.

அம்மா படத்தை வைத்தாள். நிற்கவில்லை. வெல்வெட்டை மாற்றினாள், உள்ளே சின்ன விளக்கு பொருத்தினாள். வேகமாகக் கடந்தார். காக்கிச் சட்டையையே மடித்து வைத்து அதன் மேல் விசிலை வைத்தபோது ஏறக்குறைய ஓடினார். ஆனாலும் மகள் தளரவில்லை. பார்க்காமல் போகிறவனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துவிட்டுப் போகிறவன் நாளைக்கு வருவான் என்பது அவள் கடைக்காரப் பாடம். அப்பா ஒவ்வொரு முறையும் பார்த்தார். அந்தப் பார்வை என்ன பார்வை என்று யோசிக்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் ஆசையோடுதான் பார்ப்பார்கள் என்று பழகிப்போனவள்.

இன்னொன்றும் அவள் தொழிலில் உண்டு. கடைப் பொம்மை மேல் சட்டை கச்சிதமாகப் பொருந்தி நிற்பதைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு அதன் முதுகைக் காட்டக் கூடாது. முதுகு முழுக்கக் குண்டூசிகள் இருக்கும். அப்பாவின் பெட்டியையும் அப்படித்தான் செய்திருந்தாள். கடமை தவறாத மனிதர் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்தக் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே அம்மா சாப்பிட்டதோ, வீட்டு நாட்காட்டியில் பிள்ளைகள் தாமதமாக வந்த தேதிகளெல்லாம் அந்தச் சிவப்பு முனையால் சுழிக்கப்பட்டதோ வெல்வெட்டில் தெரியாது.

அந்தச் சுழிகளில் ஒன்றை மட்டும் அவள் இன்னும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் பஸ் பாதி வழியில் நின்றுபோனது. நல்ல மழை. அடுத்த வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், அண்ணன் விடுதியில். அப்பா கதவைப் பாதி திறந்து, ஏன் தாமதம் என்றார். வண்டி ரிப்பேர் என்றாள். "தினமும் நூறு சாக்கு கேக்கறவன் நான்," என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். மழை விட்டு வெகுநேரம் கழித்துத்தான் அது திறந்தது. அன்றைக்குப் பிடித்த குளிர் அவளுக்குச் சீக்கிரம் போய்விட்டது. தான் சொன்னது உண்மை, அதை அப்பா நம்பவில்லை என்பது மட்டும் போகவில்லை. நம்பாத மனிதரிடம் என்ன கோபித்துக்கொள்ள முடியும், பாவம், அவர் அப்படிப்பட்ட வேலையில் இருந்தவர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, அந்தச் சமாதானத்தின் மேல்தான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், கடைசியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

சலூன்காரர் முதலில் பெருந்தன்மையாகத்தான் இருந்தார். தன் கட்டிலில் படுத்திருக்கிறவரைப் பார்த்து, "வாங்க சார், ஷேவிங்கா கட்டிங்கா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் காத்திருப்பார். அப்பாவும் சமர்த்தாகக் கழுத்தை நீட்டுவார். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு நாள் சலூன்காரருக்குத் தூக்கம் வந்தது, கட்டிலில் ஆள் இருந்தது, பிடித்துத் தள்ளிவிட்டார். அப்பாவின் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

சிஸ்டர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "என் கையில இல்ல மேடம். நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். மத்தியானமோ சாயங்காலமோ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரா தன் ரூமுக்குப் போயிட்டார்னா நான் எப்படியாவது பேசி இங்கயே வெச்சுக்கறேன். இல்லேன்னா மேலதான்."

 மகள் மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, பெட்டியில் கைக்கடிகாரம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தாள். ஒரே பொருள், அதன் மேல் ஒரே வெளிச்சம். அவளுக்குத் தெரிந்த வித்தையில் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்து அப்பா வந்தார். நெற்றியில் கட்டு. பெட்டிக்கு எதிரே வந்ததும் நின்றார். ஆமாம், நின்றார்.  மகள் வாசலில் நின்ற சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார்.

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். அவளை அங்கே வேலை செய்கிற பெண் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா, இந்தாள் இன்னும் இங்கதான் இருக்கானா?"

"எந்த ஆளு?"

"இந்த டைம் கீப்பர்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது அவன் வாட்ச். எனக்கு நல்லாத் தெரியும். தினமும் பாக்கறேன், அவன் சாமானா வெச்சிருக்கீங்க. விசில், பென்சில், சட்டை. அவன் ரூம் பக்கமே எனக்குப் படுக்கை போட்டுடாதீங்கம்மா."

 "ஏன், அவர் என்ன பண்ணினாரு?" என்று மகள் எப்படியோ கேட்டாள்.

"நல்லவன் இல்லம்மா அவன். வீட்ல ஒரு பொண்ணு இருந்தது. சின்னப் பொண்ணு. மழையில வெளிய நிக்கவெச்சுட்டான். அது கதவைக்கூடத் தட்டல. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. நான் ஜன்னல் வழியா பாத்தேன்."

"பாத்துட்டு?"

"திறக்கலாம்னுதான் எழுந்தேன். அவன் விடல."

"அது பொய் சொல்லுதுன்னு நெனச்சிருப்பாரு."

"பொய்யா?" அப்பாவுக்குக் கோபம் வந்தது. "வண்டி ரிப்பேர்மா. வழியில நின்னுபோச்சு. டிப்போவுக்குச் சேதி வந்தப்ப அதைக் கையால எழுதினதே அவன்தான். எழுதிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். எல்லாம் தெரியும் அவனுக்கு."

 தெரியும். அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் எதை விரித்து அதன் மேல் அவள் உட்கார்ந்திருந்தாளோ, அதை அடியிலிருந்து உருவிவிட்டார், அதுவும் தன்னைப் பற்றியல்ல, யாரோ ஒருவனைப் பற்றிப் புகார் சொல்லும் மூச்சில்.

"அப்பா," என்றாள். "நான்தான்பா அந்தப் பொண்ணு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த முன்மயிரைப் பார்த்தார். அவள் மனசு நோகக் கூடாதென்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. அது சின்னப் பொண்ணு."

சொல்லிவிட்டு, எதிர்ச் சுவரை ஒட்டி நடந்து சலூன்காரர் அறைக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் ஒரு தடவை பாக்கி இருந்தது. அழுவதற்கு நேரமில்லை. மகள் பெட்டியைத் திறந்து கடிகாரத்தையும் எடுத்தாள், வெல்வெட்டையும் உருவினாள், விளக்கையும் அணைத்தாள். வெறும் மரம். டீ குடித்துவிட்டு வந்த அப்பா காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தார், முகம் தெளிந்தது. "காலி பண்ணிட்டுப் போயிட்டான்போல," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, தன் அறைக்குள், தன் காலால், போனார்.

சிஸ்டர் மகளின் கையைப் பற்றி அழுத்தினார். இருவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, பிறகு அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். அலமாரியை மகள் மறந்தே போயிருந்தாள். வாசலைப் பற்றியே யோசித்துப் பழகியவளுக்குப் பின்பக்கம் நினைவில்லை. அப்பா கதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"போகலம்மா அவன்! சட்டையெல்லாம் உள்ளதான் தொங்குது! இப்ப வந்துடுவான்!"

இரண்டு பேர் ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள்.  

மறுநாள் அவரை மேலே கொண்டுபோனார்கள். அவருடைய எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

மேல் மாடிக்காரர்களைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள்தான் விடுவார்கள். அந்த வாரம் முழுக்க அவள் கடையில் பொம்மைகளுக்கு உடுத்தினாள், குண்டூசி குத்தினாள். அண்ணன் கூப்பிட்டபோது, "அப்பா மேல போயிட்டாரு," என்றாள். அவன் ஒரு கணம் பதறி, பிறகு மாடியைத்தான் சொல்கிறாள் என்று புரிந்து, "சரி, அங்க டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு, அதுவும் நல்லதுக்குத்தான்," என்றான். வண்டி ரிப்பேர் கதையை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் அன்று விடுதியில் இருந்தவன். அவனுக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான். சொல்லவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. தெரிந்தும் ஏன்? அந்த ஆளைத் திட்டுகிற வாயாலேயே அதையும் கேட்டு வாங்கிவிடலாம். ஜன்னலில் நின்று பார்த்தவருக்கு, எழுந்தவருக்கு, தடுத்தது என்ன என்று தெரியாமலா இருக்கும்? மன்னிப்பெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. காரணம் ஒன்று கிடைத்தால் போதும். சின்னக் காரணமானாலும் சரி.

கம்பிக் கதவைத் திறந்து விட்டார்கள். அப்பா ஒரு நீளமான வராந்தாவில், அதே நிறச் சட்டை போட்ட பலரில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டுபிடிக்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மேல் பித்தான் திறந்திருந்தது. முகத்தில் சவரம் இல்லை. அவள் பயந்தபடி வாடிப்போயிருக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். வெயிலைப் பார்த்துச் சிரித்தார், அவளைப் பார்த்தும் சிரித்தார்.

"வாம்மா, உக்காரு," என்று தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். வாழ்நாளில் அவர் அவளுக்காக நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, டிப்போவுல ஒரு டைம் கீப்பர் இருந்தாரே?"

"டிப்போவா?"

"அந்தாளப் பத்திச் சொன்னீங்களே. விசில், பென்சில், வாட்ச் எல்லாம் வெச்சிருந்தாரே. அவரு வீட்ல ஒரு பொண்ணு."

அப்பா நிஜமாகவே யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசைதான். புருவத்தைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"தெரியலயேம்மா. யாரு அது?"

விசிலும் பென்சிலும் சட்டையும் கண்ணில் படுகிறவரை அந்த ஆள் பக்கத்து அறையிலாவது இருந்தான். அவற்றைப் பைக்குள் போட்டதும் அவனும் போய்விட்டான், போகும்போது அவனைப் பார்த்துப் பயந்தவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மகளுக்கு அது புரிந்தது. புரிந்தும் அவளால் விட முடியவில்லை. அவளே சொல்ல ஆரம்பித்தாள். பஸ் நின்றது, மழை, பாதி திறந்த கதவு, கழற்றி வைத்த செருப்பு, ஜன்னலில் நின்று பார்த்தது, டிப்போவில் அவரே கையால் எழுதிவிட்டு வந்தது, ஒன்று விடாமல். அப்பா வாயைத் திறந்துகொண்டு கேட்டார். உச்சுக் கொட்ட வேண்டிய இடங்களில் உச்சுக் கொட்டினார். பாவம் பாவம் என்றார். சொல்லி முடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அது பொய்த் தண்ணீர் இல்லை.

பிறகு அவள் கையைத் தட்டி, அடுத்து என்ன என்று கேட்கிற ஆவலோடு, "எல்லாம் தெரிஞ்சிருந்தும் அந்தாளு ஏம்மா அப்படிப் பண்ணினான்?" என்று கேட்டார்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.